ஒரு நியூட்டனுக்கு எத்தனை முந்திரி?

"மிஸ், இதுல பெருக்கணுமா, வகுக்கணுமா?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இயக்க விதிகள் பாடம் நடக்கும்போது இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. நியூட்டனும் டைனும் விசையை அளக்கும் அலகுகள். 1 நியூட்டன் என்றால் 10⁵ டைன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 250 டைன் எத்தனை நியூட்டன் என்று கேட்டால், சிலர் 2 கோடியே 50 லட்சம் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். 250 டைன் என்பது ஒரு சிட்டிகை உப்பின் எடை. 2 கோடியே 50 லட்சம் நியூட்டன் என்பது, லாரிக்குப் பத்து டன் வீதம் 250 லாரிச் சரக்கின் எடை. விடை தப்பானதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்த எண்ணைப் பார்த்தும் அவர்களுக்குத் திக்கென்று ஆகவில்லையே என்பதுதான் வருத்தம்.

டைன் எவ்வளவு சின்னது, நியூட்டன் எவ்வளவு பெரியது என்று கை அறிந்திருந்தால் இந்தத் தப்பு வராது. அதனால் வாய்பாட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கையிலிருந்தே தொடங்கலாம்.

கடையில் 100 கிராம் காபித்தூள் பாக்கெட் விற்கிறார்களே, அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது உங்கள் கையைக் கீழே அழுத்தும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன். சரியாகச் சொன்னால் 102 கிராமின் எடை. பாக்கெட்டின் உறையையும் சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடும்.

இப்போது டைன். 1 டைன் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிகிராமின் எடை. அதைக் கையால் உணர முடியாது. ஒரு அரிசி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும், அதாவது 20 டைன். கையில் உட்காரும் கொசு சுமார் 2 மில்லிகிராம். அது நம்மை அழுத்துவது 2 டைன். அது உட்கார்ந்ததே தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் சாதாரணக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. அப்படியானால் ஒரு சொட்டு 50 மில்லிகிராம், சுமார் 50 டைன்.

சரி, 100 கிராமில் எத்தனை மில்லிகிராம்? கிராமுக்கு ஆயிரம், 100 கிராமுக்கு ஒரு லட்சம். ஒரு நியூட்டனுக்கு ஒரு லட்சம் டைன் வருவதும் இப்படித்தான். புத்தகத்தில் 10⁵ என்று மேலே சின்னதாக ஒரு 5 போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். தமிழில் அதற்கு லட்சம் என்று தனிச் சொல்லே இருக்கிறது. டைன் என்பது நியூட்டனில் லட்சத்தில் ஒரு பங்கு என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்ன பிள்ளை அடுத்த முறை தடுமாறுவதில்லை. 10⁻⁵ என்று எழுதும்போது அந்த மைனஸ் குறி எங்கே போகிறது, எங்கே வருகிறது என்பதில்தான் குழப்பம் எல்லாம்.

பெருக்குவதா, வகுப்பதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 5 ரூபாயைப் பைசாவாக மாற்றினால் 500. காசு சின்னதானால் எண்ணிக்கை கூடும். அதுபோல நியூட்டனிலிருந்து டைனுக்குப் போனால் எண் பெருகும், டைனிலிருந்து நியூட்டனுக்கு வந்தால் எண் சுருங்கும். 250 டைனை லட்சத்தால் வகுத்தால் 0.0025 நியூட்டன். உப்புச் சிட்டிகைக்கு அது பொருந்துகிறது.

லட்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை, ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே போகும் விசைக்கு 1 நியூட்டன் என்று பெயர். அதே வாக்கியத்தில் கிலோகிராமை எடுத்துவிட்டு கிராமைப் போடுங்கள், மீட்டரை எடுத்துவிட்டு சென்டிமீட்டரைப் போடுங்கள், டைன் வந்துவிடும். மாறியவை இரண்டு. நிறையில் ஆயிரம் மடங்கு, நீளத்தில் நூறு மடங்கு. ஆயிரமும் நூறும் பெருகினால் லட்சம். சிலர் கிலோவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆயிரத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீளமும் மாறியிருக்கிறது என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. விசையோடு தூரத்தையும் பெருக்கினால் வேலை. அதற்கு ஜூலும் எர்க்கும் அலகுகள். நீளம் இன்னொரு தடவை உள்ளே வருகிறது, அதனால் இன்னொரு நூறு. லட்சத்தை நூறால் பெருக்கினால் கோடி. ஒரு ஜூலுக்கு ஒரு கோடி எர்க். விசைக்கு லட்சம், வேலைக்குக் கோடி என்று நம் எண்ணுப் பெயர்களே கச்சிதமாக வந்து பொருந்துவதில் எனக்கு ஒவ்வொரு வருஷமும் சந்தோஷம்.

இப்போது முந்திரி. பண்ருட்டிப் பக்கம் இருக்கும் என் அத்தை முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கும் வேலை செய்தவர். முறத்தில் கொட்டிய பருப்பில் முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம் என்று விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். முழுசிலும் பெரிசு சின்னசு உண்டு. ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி அத்தை பார்த்ததும் தெரியுது?" என்று கேட்டேன். "பார்க்கறது எங்கம்மா, எடுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சிடும்" என்றார். இரண்டு பருப்பை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் அவற்றை வாங்கி வேறுவேறு குவியலில் போட்டார்.

சந்தையில் 320, 240, 180 என்று முந்திரிக்கு நம்பர் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த நம்பர். நம்பர் குறையக் குறையப் பருப்பு பெரிசு. ஒரு பவுண்டு 453.6 கிராம். அதை 320 ஆல் வகுத்தால் ஒரு பருப்பு சுமார் 1.42 கிராம். 180 நம்பர் பருப்பு 2.52 கிராம். டைனில் சொன்னால் முதலாவது 1,390, இரண்டாவது 2,470. நடுவில் வரும் 240 நம்பருக்கு 1.89 கிராம், 1,850 டைன். 320க்கும் 240க்கும் வித்தியாசம் 460 டைன்தான், அரை கிராம்கூட இல்லை. அத்தையின் விரல்கள் நாள் முழுக்க அளந்துகொண்டிருந்தது இதைத்தான்.

ஒரு நியூட்டனுக்கு 320 நம்பர் பருப்பு எத்தனை வேண்டும்? 102 கிராமை 1.42 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 72. இரண்டு கையையும் சேர்த்து அள்ளிய முந்திரி ஒரு நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

320 என்ற எண்ணைப் பார்த்ததும் பழைய தமிழ்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு வேறொன்று தோன்றியிருக்கும். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிக்கொண்டே போகும் நம் பின்ன வாய்பாட்டில் 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்றுதான் பெயர். பவுண்டை 320 ஆக்கிய முந்திரி வியாபாரத்துக்கும் அந்த வாய்பாட்டுக்கும் தொடர்பில்லை. இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஆனால் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. முந்திரியிலும் ஒரு முந்திரிப் பங்கு, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி. லட்சத்துக்கு மிக அருகில். நியூட்டனில் ஒரு கீழ்முந்திரி எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு டைன். அதற்கும் கீழே பத்தரையில் ஒரு பங்கு இம்மி. கணக்குப் போட்டால் 10,75,200இல் ஒன்று. பத்து லட்சத்தில் ஒன்றை இன்று மைக்ரோ என்கிறோம். இம்மி அளவும் பிசகக் கூடாது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அது ஏறக்குறைய மைக்ரோ அளவு. இவ்வளவு சின்னப் பங்குக்குப் பெயர் வைத்து வாய்பாடாகச் சொன்ன மொழியில் படிக்கும் பிள்ளை மைக்ரோ, நானோ என்றதும் மிரள வேண்டியதே இல்லை.

அடுத்து, தேர்வில் மார்க் போகிற இடம். 9.8.

எடை, நிறை இரண்டையும் நாம் கடையில் ஒன்றாகத்தான் பேசுகிறோம். தராசு கிலோ என்று காட்டுகிறது; கிலோ நிறையின் அலகு. பூமி அந்த நிறையை இழுக்கும் விசைதான் எடை, அதற்கு அலகு நியூட்டன். 1 கிலோ நிறையைப் பூமி இழுக்கும் விசை சுமார் 9.8 நியூட்டன். இதை ஒரு கிலோகிராம் விசை என்பார்கள். 1 கிராம் விசை 980 டைன். 9.8 இங்கே 980 ஆனது மீட்டர் சென்டிமீட்டராக மாறியதால்தான், வேறு மாயம் ஒன்றும் இல்லை.

9.8 எப்போது வரும், எப்போது வராது? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: இரண்டு பக்கமும் இருக்கும் அலகைப் பார். டைனிலிருந்து நியூட்டனுக்கு, நியூட்டனிலிருந்து மைக்ரோநியூட்டனுக்கு என்றால் இரண்டுமே விசை, பூமிக்கு அங்கே வேலையில்லை. புள்ளியை நகர்த்தினால் போதும். ஒரு பக்கம் கிலோவோ கிராமோ வந்துவிட்டால், பூமி இழுத்தாக வேண்டும், அப்போதுதான் 9.8. இந்த ஒன்றைக் கவனித்தால் பாதித் தப்புகள் போய்விடும்.

இந்த 9.8ஐயும் கொஞ்சம் பார்க்கலாம். 1901இல் எடைகள் அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு இதன் செந்தர மதிப்பை 9.80665 என்று முடிவு செய்தது. கிலோகிராம் விசைக்கு அந்த எண்தான் கணக்கு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உண்மையான இழுப்பு சற்றுக் குறைவு. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏறக்குறைய 9.78. ஒரு கிலோ மீனை இங்கே பூமி இழுக்கும் விசை செந்தர மதிப்பைவிடச் சுமார் 2,500 டைன் குறைவு. நியூட்டனில் அது 0.025தான், யாருக்கும் தெரியாது. டைனில் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சின்ன அலகு இருப்பதன் பயன் அதுதான்.

டைன் முதலில் வந்தது, 1873இல் பிரிட்டனில். நியூட்டன் என்ற பெயர் 1948இல்தான் அதிகாரபூர்வமானது. 1960இல் எஸ்.ஐ. எனும் பன்னாட்டு அலகு முறை வந்தபோது அது நிலைத்துவிட்டது. இடையில் பிரான்ஸில் ஸ்தேன் என்று ஓர் அலகு 1919 முதல் 1961 வரை சட்டப்படி இருந்தது. ஒரு டன் நிறைக்கு நொடிக்கு நொடி 1 மீட்டர் முடுக்கம் தரும் விசை அது. அதாவது 1,000 நியூட்டன், பத்து கோடி டைன். 1954 வரை புதுச்சேரியை ஆண்ட நாட்டின் அலகு, இன்று புதுச்சேரிப் பிள்ளைகளின் புத்தகத்தில் பெயருக்குக்கூட இல்லை.

பெரிய விசைக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் நாங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 140 என்று வைத்துக்கொண்டால் நொடிக்குச் சுமார் 39 மீட்டர். அந்த வேகத்தில் வரும் காற்று நேராக மோதும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 900 நியூட்டன் அழுத்தும். 9.8 ஆல் வகுத்தால் 92 கிலோ. இரண்டு சதுர மீட்டர் கதவுக்குப் பின்னால் நின்று தாங்கிப் பிடித்தவர்கள் 180 கிலோவைத் தாங்கிப் பிடித்தார்கள் என்று பொருள்.

இதையே டைனுக்கு மாற்றுங்கள். சதுர மீட்டருக்கு 9 கோடி டைன். சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர், ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 9,000 டைன், சுமார் 9 கிராம் எடை. கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் ஒரு முந்திரி இலை 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு இலைக்குச் சுமார் 450 கிராம். இலை வளைந்து காற்றுக்கு வழிவிடும், ஒன்றை ஒன்று மறைக்கும், அதனால் முழு விசையும் விழாது. அப்படியும் ஒரு மரத்தில் எத்தனை ஆயிரம் இலை! பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருக்கல் போதும்.

இனி கீழே இறங்குவோம். டைன் இன்றும் சாகாமல் இருக்கும் ஒரு இடம் பரப்பு இழுவிசை. ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் தையல் ஊசியைப் படுக்கவைத்து மெதுவாக விட்டால் மிதக்கும். நேராகப் போட்டால் மூழ்கிவிடும். மெல்லிய காகிதத் துண்டின் மேல் வைத்து, காகிதத்தை மட்டும் குச்சியால் கீழே அமுக்கிவிட வேண்டும். ஊசியைச் சுற்றித் தண்ணீர் ஒரு தோல் மாதிரி குழிந்து நிற்பது, கண்ணை டம்ளர் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் தெரியும். தண்ணீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன். 4 சென்டிமீட்டர் ஊசிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 8 சென்டிமீட்டர்; அதிகபட்சம் 576 டைன் வரை தாங்கும். ஊசியின் எடையோ 0.2 கிராமுக்குள், 200 டைனுக்குள். மிதக்காமல் என்ன செய்யும்?

இந்த 72 டைனை நியூட்டனுக்கு மாற்றினால் 0.00072. சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்றால் மீட்டருக்கு நூறு மடங்கு, 0.072 நியூட்டன், அதாவது 72 மில்லிநியூட்டன். எண் மாறவே இல்லை! லட்சத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மிச்சம் ஆயிரத்தில் ஒன்று, அதுவே மில்லி. சென்டிமீட்டருக்கு டைன், மீட்டருக்கு மில்லிநியூட்டன் இரண்டும் ஒன்றுதான். பழைய புத்தகத்தில் ஒன்றும் புதிய புத்தகத்தில் இன்னொன்றும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மில்லிக்குக் கீழே ஒவ்வொரு படியும் ஆயிரம் ஆயிரமாக இறங்கும். நியூட்டனில் ஆயிரத்தில் ஒன்று மில்லி, பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோ, நூறு கோடியில் ஒன்று நானோ, லட்சம் கோடியில் ஒன்று பிக்கோ. டைன் இந்தப் படிகள் எதிலும் நேராக உட்காராது; மைக்ரோவுக்குப் பத்து மடங்கு மேலே நிற்கும். 1 டைன் 10 மைக்ரோநியூட்டன். ஒரு எச்சரிக்கை: ஆங்கில எழுத்துக் குறியீட்டில் சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் விடை நூறு கோடி மடங்கு ஏறிவிடும். விடைத்தாள் திருத்தும்போது இதை நான் விடவே மாட்டேன்.

கையில் உட்கார்ந்த கொசுவுக்குத் திரும்புவோம். 2 டைன், 20 மைக்ரோநியூட்டன், 20,000 நானோநியூட்டன். 1986இல் உருவான அணுவிசை நுண்ணோக்கியில் ஒரு நுண்ணிய ஊசி முனை பொருளின் பரப்பைத் தடவிக்கொண்டு போகும். அது அழுத்தும் விசை சில நானோநியூட்டன்தான், சில சமயம் அதற்கும் குறைவு. நாம் அறியாத கொசுவின் எடை அந்தக் கருவிக்குப் பெரும் பாரம்.

அதற்கும் ஆயிரம் மடங்கு கீழே பிக்கோநியூட்டன். ஒளிக்கற்றையால் நுண்ணிய மணிகளைப் பிடித்து நிறுத்தும் ஒளி இடுக்கியைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இடுக்கியை வைத்துத்தான் நம் உயிரணுவுக்குள் சுமை இழுக்கும் கைனசின் என்ற புரதத்தின் பலத்தை அளந்தார்கள். இழையின் மேல் 8 நானோமீட்டர் 8 நானோமீட்டராக அடியெடுத்து நடக்கும் அது, அதிகபட்சம் சுமார் 6 பிக்கோநியூட்டன் விசையோடு இழுக்கிறது. நரம்பணுவில் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனிவரை சரக்கு கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த இழுப்புத்தான்.

போன வாரம் இதைச் சொல்லிமுடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "மிஸ், அப்போ ஒரு அரிசியைத் தூக்க எத்தனை கைனசின் வேணும்?" என்றாள். நீயே போடு என்றேன். 20 மில்லிகிராம் என்றதும் பூமி வந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே 20 டைன் என்று எழுதினாள். அப்புறம் 200 மைக்ரோநியூட்டன். பத்து லட்சத்தால் பெருக்கி, 20 கோடி பிக்கோநியூட்டன். அதை ஆறால் வகுத்தாள். 3 கோடியே 33 லட்சம்.